பஹ்மிதா வீட்டு வயரிங்

பஹ்மிதாவின் இடது கை முதல் முறை முறிந்தது குவைத்தில். இரண்டாம் முறை முறிந்தது சாய்ந்தமருதில், சொந்த வீட்டின் வயரிங்குக்குக் காசை எப்படிப் பிரிப்பது என்ற கதையில்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். பெண்ணைப் பெற்றவர்கள் பிள்ளை நடை பழகும் போதே கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். பஹ்மிதாவின் வாப்பாவும் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே ஒரு வளவு வாங்கி, மகளின் பெயரில் காணி உறுதி எழுதி, அதில் ஒரு வீடும் கட்டினார். சுனாமி அந்த வீட்டையும் வாப்பாவையும் ஒரே காலையில் கொண்டுபோனது. உறுதி உம்மாவின் தங்கச்சி வீட்டில் இருந்ததால் தப்பியது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அதே வளவில் இரண்டு அறை வீடொன்று கட்டிக் கொடுத்தது. அந்த இரண்டு அறைக்குள்தான் பஸால் மாப்பிள்ளையாக வந்தான்.

பஸால் ஆட்டோ ஓட்டினான். ஊரில் அவனைப் பற்றிக் குறை சொல்ல ஆளில்லை. சாவு விழுந்த மையத்து வீடென்றால் முதல் ஆளாய் நிற்பான். நோயாளியை ஏற்றினால் காசு கேட்க மாட்டான். அவனுடைய கை வீட்டுக்குள் வந்த பிறகுதான் மாறும். கலியாணம் முடித்த முதல் நோன்பில், கஞ்சியில் உப்புக் கூடிவிட்டதென்று கொதிக்கக் கொதிக்கச் சட்டியை அவள் காலடியில் போட்டு உடைத்தான். பெருநாளுக்கு அவள் செருப்புப் போடவில்லை. கேட்டவர்களிடம் கஞ்சிச் சட்டி கைதவறியது என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு நிறையக் கைதவறியது, நிறைய வழுக்கியது, கதவுகள் நிறைய முகத்தில் இடித்தன.

மகள் ஸப்னா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் பஹ்மிதா குவைத்துக்குப் போனாள். அடிக்குத் தப்பித்தான் போனாள் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. காசுக்குப் போனேன் என்பாள். அதுவும் பொய்யில்லை.

அவள் வேலை செய்த வீட்டில் விளக்குகள் ஆளைக் கண்டதும் தாமாக எரியும். மத்தியானத்தில் அந்த வீட்டார் உறங்குவார்கள். வெயில் வராதபடி யன்னல்களை மூடித் தடித்த சீலைகளை இழுத்துவிட்டால் பட்டப் பகலும் கிணறு போல இருண்டுவிடும். அந்த நேரம் வேலைக்காரி அறையை விட்டு வெளியே வரக்கூடாது. மிஞ்சிய சோற்றைப் பின்னேரம் வரையில் தொடவும் கூடாது. ஒரு நாள் பசி தாங்காமல் அவள் குசினிக்குப் போகக் கதவைத் திறந்தாள். நடையில் கால் வைத்ததும் தலைக்கு மேலே வெளிச்சம் வெடித்தது. அடுத்த அடிக்கு இன்னொன்று. மடம், அந்த வீட்டு எசமானி, வெளியே வந்தாள். கையில் தரை துடைக்கும் இயந்திரத்தின் இரும்புக் குழாய் இருந்தது. முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்கத் தூக்கிய இடது கையில் எலும்பு முறியும் சத்தம் பஹ்மிதாவுக்கே கேட்டது. மூன்று நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் இருந்த வருடங்களெல்லாம் அவள் சுவரோடு ஒட்டிக் குனிந்தே நடந்தாள். குனிந்து போனால் சில விளக்குகள் எரியாது என்பதைக் கண்டுபிடித்திருந்தாள்.

இதை ஊரில் யாருக்கும் அவள் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் பழைய இரண்டு அறைக்கு முன்னால், ரோட்டைப் பார்த்து, ஸப்னாவுக்கென்று வீடு எழுப்பத் தொடங்கினாள். நாட்டில் சாமான் விலை ஏறி, சீமெந்து கிடைக்காத காலத்தில் வேலை நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. சுவர் பூசி, கூரை போட்டு முடித்த போது ஸப்னாவுக்குப் பத்தொன்பது வயது. மருதமுனையில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். மாப்பிள்ளை றிப்தி, புடைவைக் கடையொன்றில் கணக்குப் பார்ப்பவன். இனி வயரிங் மட்டும்தான். அதற்கென்று பஹ்மிதா குவைத்தில் வாங்கிய காப்புகளை விற்றாள்.

கல்முனையில் இருந்து கனகசிங்கம் வந்தார். அவளுடைய தங்கச்சி றஹீமாவின் வீட்டுக்கும் அவர்தான் வயரிங் செய்தவர். ஒரு காலை நேரம் அவரும் பஹ்மிதாவும் ஸப்னாவும் வெறும் சுவர்களுக்கு நடுவே அறை அறையாக நடந்தார்கள். அவர் காதில் பென்சில் செருகியிருந்தார்.

"தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்லுங்க. இந்த வீட்டுக்குள்ள ஆர் எங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? அதத் தெரிஞ்சாத்தான் எங்க லைட் எண்டு சொல்லலாம்" என்றார்.

"எனக்குக் கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சுவிட்ச் வேணும். படுத்துக் கிடந்தே அணைக்க" என்றாள் ஸப்னா.

"குசினியில அடுப்புக்கு நேரா மேல ஒண்டு போடுங்க அண்ணன். நான் நிண்டா என்ட நிழல் சட்டிக்குள்ள விழப்படாது" என்றாள் பஹ்மிதா.

அவர் சுவரில் புள்ளி வைத்துக்கொண்டே போனார். வயர் எவ்வளவு, குழாய் எவ்வளவு, ஒவ்வொரு பொயின்ட்டுக்கும் கூலி எவ்வளவு என்று கடைசியில் சொன்னார். கையில் இருந்த காசுக்குள் எல்லாம் அடங்கவில்லை. எதைக் குறைப்பது என்ற கேள்வி வந்தது. பஹ்மிதா வெறுஞ்சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"சுவருக்குள்ள போறதுல ஒரு சதமும் குறைக்க வேணாம். அத மறுவா உடைச்சிப் பாக்க ஏலா. வயர் தடிச்சதாப் போடுங்க. எர்த் போடுங்க. அந்த ட்ரிப் சுவிட்ச், கறன்ட் அடிச்சா தானா விழுறது, அது கட்டாயம் வேணும். வெளியில தொங்குறதுக்கு இப்ப மலிவான பல்பு போதும். பொறகு மாத்தலாம்."

"அது சரியான கணக்குத்தான். அப்ப நான் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வெறுங்குழாயும் சேத்து விடுறன். நாளைக்கு மருமகன் ஓட்டமெட்டிக் லைட் போடுவம் எண்டா சுவர் வெட்டத் தேவையில்ல."

"அது வேணாம்."

"வெறுங்குழாய்தானே தங்கச்சி, பெரிய காசில்ல."

"தானா எரியிற லைட் இந்த வீட்டுக்கு வேணாம் அண்ணன்."

அவள் சொன்ன விதத்தைக் கேட்டு ஸப்னா திரும்பிப் பார்த்தாள். கனகசிங்கம் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

அந்தக் கிழமை பஸால் மருதமுனைக்குப் போய்வந்தான். மாப்பிள்ளையின் மூத்த சகோதரன் வாழும் வீட்டில் அவனுக்கு விருந்து. அந்த வீட்டில் வாசலுக்கு வந்ததும் விளக்கு எரிந்ததாம். தொலைபேசியில் விரலை வைத்தால் மண்டபத்துக் கூரை நீலமாகி, பச்சையாகி, பிறகு றோஸ் நிறமாகியதாம். மாப்பிள்ளையின் உம்மா றாஹிலா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தபடி, "எங்கட மூத்த மருமகள்ர வீட்டுல எல்லாம் ஓட்டமெட்டிக்தான்" என்று மட்டும் சொன்னாளாம். அவள் கேட்டது எதுவுமில்லை. ஆனால் பஸாலுக்கு அது கேட்டது போலவே விழுந்தது. தன் மகள் வீட்டிலும் அதே மாதிரி வரும், அதைவிட நல்லதாய் வரும் என்று சொல்லிவிட்டு எழும்பினான். மறுநாள் அல்மாரியைத் திறந்து, காப்பு விற்ற காசில் பாதியை எடுத்துக்கொண்டு போய்க் கடையொன்றில் முற்பணம் கட்டினான்.

அதற்கு அடுத்த நாள் கனகசிங்கம் வேலை தொடங்கக் குழாய்களோடு வந்த போது பஸால் மண்டபத்தின் நடுவில் நின்றான். கையில் கடைக்காரர் கொடுத்த கடதாசி.

"அண்ணன், கணக்கு மாறிட்டு. ஒவ்வொரு அறைக்கும் சென்சர் வருது. ஹோலுக்குக் கலர் லைட். மெல்லிய வயரா எடுங்க. எர்த், ட்ரிப் சுவிட்ச், அதெல்லாம் வெட்டுங்க."

"தம்பி, அதை வெட்ட ஏலாது."

"ஏன் ஏலா? சுவருக்குள்ள கிடக்கிறத மாப்பிள்ள வீட்டார் தோண்டியா பாக்கப் போறாங்க?"

குசினிப் பக்கமிருந்து பஹ்மிதா வந்தாள். கடதாசியைப் பார்த்ததுமே அவளுக்கு அல்மாரி நினைவு வந்தது.

"இஞ்சாருங்க, அந்தக் காசில தொட்டீங்களா?"

"என்ட மகள்ர கலியாணத்துக்குத்தானே தொட்டன்."

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க."

"வாக்குக் குடுத்துட்டன் புள்ள."

"அது என்ட காப்பு வித்த காசி. இது என்ட வாப்பாட வளவு. இதுக்குள்ள எந்த வயர் போறதெண்டு நான்தான் சொல்லுவன்."

வேறு ஆள் ஒருவர் நிற்கும் போது அவள் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவை. பஸாலின் முகம் ஒன்றுமே நடக்காதது போல இருந்தது. கூரைக்கு வாங்கி மிஞ்சிய றீப்பைத் தடிகள் சுவரோரம் சாத்தியிருந்தன. அவன் அதில் ஒன்றை எடுத்ததை அவள் கண்டாள். தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். இடது கைதான் எப்போதும் முதலில் தூக்கும். பழைய முறிவுக்குக் கொஞ்சம் மேலே தடி இறங்கியது. அவள் சத்தம் போடவில்லை. தரையில் குந்தினாள். தடி மறுபடி தோளில் விழுந்தது, முதுகில் விழுந்தது.

கனகசிங்கம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தார். "தம்பி, விடு! செத்திருவாள்!"

பஸால் கையை உதறிக்கொண்டு வீசிய வீச்சில் தடியின் முனை அவர் நெற்றியைப் பிளந்தது. அவர் பின்னால் சரிந்து குழாய்க் கட்டின் மேல் விழுந்தார். இரத்தம் கண்ணுக்குள் இறங்கி, வெள்ளைச் சேட்டில் ஒழுகியது. அதைக் கண்ட பிறகுதான் பஸால் தடியைப் போட்டான். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஸப்னா பழைய வீட்டில் இருந்து ஓடி வந்தாள். கனகசிங்கம் தன் துவாயால் நெற்றியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பொலிசுக்குப் போவம் அண்ணன்" என்றாள் பஹ்மிதா. "ஒங்களுக்கு அடிச்சதுக்காவது போவம்."

"வேணாம் தங்கச்சி. நான் ஏணியால விழுந்தன். வீட்டயும் அப்படித்தான் சொல்லப் போறன்."

"ஏன்?"

"ஒரு முஸ்லிம் ஆள் தமிழன்ட தலைய உடைச்சிட்டான் எண்டு கதை கல்முனைக்குப் போச்செண்டா, அது என்ட தலையோட நிக்காது. ரெண்டு பக்கத்திலயும் இதுக்கெண்டே காத்துக் கிடக்கிற பொடியனுகள் இரிக்கானுகள். ஒங்கட கையைப் பாருங்க முதல்ல."

ஆஸ்பத்திரியில் பஹ்மிதா குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னாள். படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், ஏற்கெனவே முறிந்து கோணலாகப் பொருந்திய இடம் எது என்று கேட்டார். அதுவும் குளியலறைதான் என்றாள். பக்கத்தில் நின்ற ஸப்னா உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "குவைத்துலயும் அடிச்சாங்களா உம்மா?" என்று கேட்டாள். பஹ்மிதா அப்போதுதான் அந்த இருட்டு மத்தியானத்தையும், தாமாக எரிந்த விளக்குகளையும், இரும்புக் குழாயையும் மகளுக்குச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்களின் இரைச்சலுக்குள், நின்றபடியே உம்மா சொல்ல, மகள் கேட்டாள்.

அவளுடைய கையில் மாக்கட்டு இருக்கும் நாட்களிலேயே பஸால் வேறொரு ஆளைப் பிடித்து வயரிங்கை முடித்தான். மெல்லிய வயர். எர்த் இல்லை. ட்ரிப் சுவிட்ச் இல்லை. அறைக்கு அறை கூரையில் வெள்ளைக் கண் போலச் சென்சர் பொருத்தியாயிற்று. பஹ்மிதா பழைய வீட்டில் படுத்துக் கிடந்தாள். முன் வீட்டுச் சுவர் வெட்டும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும் போதெல்லாம் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். பஸால் அவளுக்குத் தோடம்பழம் வாங்கி வந்தான். தோலுரித்தும் கொடுத்தான். அடித்த பிறகு கொஞ்ச நாளைக்கு அவன் அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். றிப்தியும் அவன் உம்மா றாஹிலாவும் பெரிய வாப்பா ஒருவரும். வெளிச்சம் எடுபட வேண்டுமென்று பஸால் யன்னல்களைப் பூட்டி, புதுச் சீலைகளை இழுத்துவிட்டிருந்தான். மண்டபம் பகலிலேயே இருண்டு கிடந்தது. அவர்கள் வாசலில் கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. பெரிய வாப்பா "மாஷா அல்லாஹ்" என்றார். பஸால் தொலைபேசியை எடுத்துக் கூரையை நீலமாக்கினான், பச்சையாக்கினான். சிறு பிள்ளை போலச் சிரித்தான்.

பஹ்மிதா ஒற்றைக் கையில் தொதல் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். உள் நடையில் இருந்து மண்டபத்துக்கு வரும் இடத்தில் அவள் தலைக்கு நேர் மேலே ஒரு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அவளுக்கு அது சாய்ந்தமருது என்பது மறந்துபோனது. தட்டு விழுந்து உடைந்தது. மாக்கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒடுங்கிக் குந்திவிட்டாள். "இல்ல மடம், இல்ல மடம்" என்று அரபியில் சொன்னாள். விளக்கு அவள் மேலேயே எரிந்துகொண்டு நின்றது. ஒருவரும் அசையவில்லை. ஸப்னாதான் ஓடிவந்து உம்மாவை அணைத்துப் பிடித்தாள்.

பஸால் சிரித்தான். "அவக்குக் கொஞ்ச நாளாக் காய்ச்சல். மயக்கம்" என்றான். விருந்தாளிகள் தேத்தண்ணீரில் பாதியை வைத்துவிட்டு எழும்பினார்கள்.

அவர்களுடைய வேன் ஒழுங்கை தாண்டும் வரையில் வாசலில் நின்று கைகாட்டிய பஸால், உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"என்ட மானத்த வாங்கிட்டியேடி."

அவளுடைய முக்காட்டைத் தலைமயிரோடு சேர்த்துப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். ஒரு தரம். மறுபடி. பூச்சுச் சுவரில் இரத்தம் பட்டது. ஸப்னா நடுவில் பாய்ந்து அவனுடைய கையைக் கடித்தாள். அவன் திரும்பிப் புறங்கையால் அறைந்தான். பிள்ளையின் உதடு கிழிந்தது. அவள் நிலைப்படியில் விழுந்து தலை இடிபட்டு, எழும்பப் பார்த்து, எழும்ப முடியாமல் கிடந்தாள்.

தன்னை எவ்வளவு அடித்தாலும் மகளின் மேல் அவன் அதுவரையில் கைவைத்ததில்லை. அதை நம்பித்தான் பஹ்மிதா இவ்வளவு காலமும் இருந்தாள்.

கொல்லைக் கதவடியில் மேசன்மார் விட்டுப்போன அலவாங்கு கிடந்தது. நிலம் தோண்டும் அந்த இரும்புக் கம்பியை இரண்டு கையால் தூக்குவதே பாரம். அவள் ஒற்றைக் கையால் தூக்கினாள். பஸால் மகளை நோக்கிக் குனிந்தபடி நின்றான். தூக்கிவிடக் குனிந்தானா, மீண்டும் அடிக்கக் குனிந்தானா என்று பிறகு நீதிமன்றத்தில் கேட்டார்கள். தனக்குத் தெரியாது என்றுதான் பஹ்மிதா சொன்னாள். அலவாங்கு அவன் முழங்காலில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். எழும்பக் கையூன்றினான். அவள் அந்தத் தோளிலும் அடித்தாள்.

"வெளிய போ" என்றாள்.

இருபது வருடத்தில் அவனை அவள் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

"இது என்ட வளவு. வெளிய போ!"

அவன் தவழ்ந்து வாசலுக்குப் போனான். அவன் தவழ்ந்து போக ஒவ்வொரு விளக்காக எரிந்தது. அவள் மெயின் சுவிட்ச்சை இழுத்து நிறுத்திவிட்டு, அலவாங்கால் கூரையில் இருந்த சென்சர்களை ஒவ்வொன்றாகக் குத்தி விழுத்தினாள். சுவரில் ஓடிய வயரையும் பூச்சோடு பெயர்த்தாள். ஒழுங்கையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். உள்ளே வர எவருக்கும் துணிவில்லை. தங்கச்சி றஹீமாதான் வந்து, "ராத்தா, போதும். புள்ளயப் பாருங்க" என்று அலவாங்கைப் பிடித்தாள். அப்போதுதான் பஹ்மிதா கம்பியை விட்டுவிட்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாக்கட்டு உடைந்து தொங்கியது.

பொலிஸ் அவளைக் கொண்டுபோனது. மறுநாள் நீதிமன்றம் பிணையில் விட்டது. உதட்டில் தையலோடு வந்து ஸப்னா வாக்குமூலம் கொடுத்தாள். எழுதிய பொலிஸ்காரர், உம்மா அடித்ததைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டதற்கு, "உம்மா அடிக்காட்டி நான் அடிச்சிருப்பன். எனக்கு எழும்ப ஏலாமக் கிடந்திச்சி" என்றாள்.

பெரியவர்கள் சிலர் சமாதானம் பேச வந்தார்கள். ஆட்டோ ஓடிய மனிசன் இனி ஓட ஏலாமல் கிடக்கிறான், முழங்கால் மடியாதாம் என்றார்கள். ஆண் கோபத்தில் கையை நீட்டுவான், பெண் இரும்பைத் தூக்கலாமா என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

பஹ்மிதா கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள்.

"மாமா, என்ட கால் வெந்திச்சி, ஒத்தரும் வரல்ல. பல்லு விழுந்திச்சி, வரல்ல. கை முறிஞ்சிச்சி, வரல்ல. அவர்ர முழங்காலுக்கு மட்டும் எல்லாரும் வந்திரிக்கீங்க. இரிங்க, தேத்தண்ணி தாறன், குடிச்சிட்டுப் போங்க."

அவள் காதியாரிடம் போய் பஸ்ஹ் கேட்டாள். பெண் தானாகக் கேட்டு வாங்கும் விவாகரத்து அது. பஸால் முதலில் வர மறுத்தான். பிறகு ஊன்றுகோலோடு வந்து, இனி அடிக்க மாட்டேன் என்று அழுதான். அவன் அழுவது நடிப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தோடம்பழம் உரித்துக் கொடுத்ததும் நடிப்பில்லை. "அவர் அழுறது மெய்தான். ஆனா எனக்கு பஸ்ஹ் தாங்க" என்றாள். நாலு தவணை இழுபட்டு, கடைசியில் கிடைத்தது. வெளியே போக வேண்டியவன் அவன்தான். மாவடிப்பள்ளியில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு பெட்டியோடு போனான். ஸப்னாவின் வாக்குமூலத்தை வைத்து அவன் மேலும் வழக்குப் பதிந்திருந்தார்கள். நீதிமன்றத்தில் அவனைப் போலவே அவளும், "ஓம், அடிச்சன்" என்று ஒப்புக்கொண்டாள். இருவருக்கும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அவன் சிகிச்சைக்கு அவள் நட்டஈடு கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பானது.

ஸப்னாவின் கலியாணப் பேச்சு முறிந்தது. அதைச் சொல்ல றாஹிலா தனியாக வந்தாள். பழைய வீட்டின் பாயில் இருந்து, முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டே கதைத்தாள்.

"எங்கட வீட்டு ஆம்புளைகள் ஒத்துக்கொள்றாங்க இல்ல. நான் சொல்லிப் பாத்தன். என்ட சொல்லுக்கு அங்க அவ்வளவுதான்."

"பரவால்ல. நீங்க வந்து சொன்னதே பெரிய விசயம்."

"அண்டைக்கு லைட் எரிஞ்சதும் நீங்க கையைத் தூக்கினீங்களே." றாஹிலா திருகிய முக்காட்டை விட்டுவிட்டாள். "அது காய்ச்சல் இல்ல எண்டு எனக்குத் தெரியும். என்ட கையும் அப்படித்தான் தானாத் தூக்கும்."

எங்கே, யாரால் என்று பஹ்மிதா கேட்கவில்லை. போகும் போது றாஹிலா ஸப்னாவின் கன்னத்தைத் தடவி, உதட்டுத் தழும்பை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனாள்.

விவாகரத்தான பெண் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் முடியும் வரையில் பிற ஆண்கள் வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் முன் வீடு வயர் பிடுங்கிய சுவர்களோடு பல மாதம் கிடந்தது. அது முடிந்ததும் கனகசிங்கம் மனைவி கலாராணியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆண் துணையில்லாத வீட்டில் தான் தனியாக நின்று வேலை செய்தால் ஊர் கதைக்கும் என்று அவருக்குத் தெரியும். கலாராணி வாசலில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"தங்கச்சி, மெய்யைச் சொல்லுங்க. இந்த மனிசன் ஏணியாலயா விழுந்த?"

பஹ்மிதா கனகசிங்கத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல அக்கா. எனக்கு விழ இருந்த அடி அது."

கலாராணி இலை ஆய்வதை நிறுத்தினாள். கோபப்படப் போகிறாள் என்றுதான் பஹ்மிதா நினைத்தாள். "அத என்னட்டச் சொல்ல இவ்வளவு காலமா?" என்று அவள் புருசனைத்தான் ஏசினாள். பிறகு மீண்டும் இலையை எடுத்தாள்.

மீதி வயரை இழுத்தெடுத்த போது குசினிச் சுவருக்குள் ஓரிடத்தில் சூடேறி அதன் உறை உருகி, செங்கல் கறுத்துப் போயிருந்தது. கனகசிங்கம் அதைக் காட்டினார். பஹ்மிதா பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். காப்புக் காசில் மிஞ்சியது நட்டஈட்டுக்குப் போய்விட்டது. றஹீமா கொஞ்சம் தந்தாள். கல்முனை மருந்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஸப்னாவும் சம்பளத்தில் தந்தாள். ஆனாலும் முழு வீட்டுக்கும் போதாது. குசினி, ஸப்னாவின் அறை, குளியலறை என்று மூன்றுக்கு மட்டும் தடித்த வயரும் எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் போட்டார்கள். மண்டபம் வெறுமனே கிடக்கட்டும் என்றாள் பஹ்மிதா. பகலில் யன்னலைத் திறந்தால் வெளிச்சம் வரும்தானே.

இப்போதும் ஸப்னாவுக்குச் சம்பந்தம் வருகிறது. அந்த மண்டபத்தில்தான் உட்காரவைப்பார்கள். வந்தவர்கள் இருந்ததும் தேத்தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் பஹ்மிதா கதவடிக்கு வந்து சொல்லிவிடுவாள்.

"அலவாங்கால புருசனுக்கு அடிச்ச ஆள் எண்டு கேள்விப்பட்டிருப்பீங்க. ஓம், அது நான்தான். பொறகு தெரிஞ்சி மனசு நோகப்படா, அதான் இப்பவே சொல்லிர்ரன்."

முதலில் வந்த இரண்டு குடும்பமும் எழும்பிப் போய்விட்டன. சென்ற மாதம் நிந்தவூரில் இருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பையனின் வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப தேத்தண்ணி இல்லையா?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தேத்தண்ணீர் குடித்து, வட்டிலப்பமும் தின்று, நெடுநேரம் கதைத்துவிட்டுத்தான் போனார்கள்.

பஹ்மிதாவுக்கு அவர்களைப் பிடித்திருந்தது. ஸப்னாவுக்குப் பையனைப் பிடிக்கவில்லை.

"ஏன் புள்ள?"

"சும்மாதான். பிடிக்கல்ல."

பிடிக்கவில்லை என்று அடுத்த நாளே பஹ்மிதா நிந்தவூருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள்.